தீபாவளிப் பம்பரம்

டயகமவில் தீபாவளி பெரும்பாலும் மழையோடுதான் வருகின்றது. ஐப்பசி மாதத்துப் பிற்பகல்களில் ஹோட்டன் சமவெளியின் பக்கமிருந்து முகில் இறங்கி, முதலில் மேல்மலைத் தேயிலையையும், பின்னர் கோவிலையும், இறுதியில் லயங்களையும் மறைத்துவிடும். அந்த மழைக்குள்ளே எண்ணெய்ச் சட்டியின் மணமும் புதுத் துணியின் மணமும் ஒன்றாய்க் கலந்து வீசும்போது, பண்டிகை வந்துவிட்டது என்பதை நாட்காட்டி பாராமலே நாங்கள் அறிந்துகொள்வோம்.

தோட்டத்துத் தீபாவளி முற்பணத்தால் ஆனது என்று கூறினால் அது மிகையாகாது. பண்டிகைக்குச் சில நாட்கள் முன்னர் வழங்கப்படும் அத்தொகை, பின்வரும் மாதங்களின் சம்பளத்திலிருந்து தவணை தவணையாகக் கழிக்கப்படும். கொண்டாடி முடித்துவிட்ட பண்டிகைக்கு மாதக்கணக்கில் விலை கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் எம்மவர். கைக்கு வரும் பணத்திற் பெரும்பகுதி துணிக்குப் போகும். அடுத்தது பலகாரச் சாமான். அதன் பின்னர் கடைக்கடன். இவையெல்லாம் போக எஞ்சும் காசிலேதான் பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருள் வாங்கப்படுகின்றது. பட்டியலின் கடைசியில் நிற்பதனால் அது மலிவானதாகவே இருக்க வேண்டியிருக்கின்றது. தலவாக்கலையிலும் அக்கரப்பத்தனையிலும் டயகமக் கடைவீதியிலும் பண்டிகைக்கு முந்திய வாரத்தில், மழைக்குப் பிளாஸ்டிக் விரிப்பைக் கூரையாகக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் நடைபாதை வியாபாரிகள் இதனை நன்கறிவார்கள். பலூன், ஊதல், கறுப்புக் கண்ணாடி, குண்டு பாயும் துப்பாக்கி, ஒளிவிடும் வாள், பாட்டுப் பாடும் பொம்மை என அவர்களது விரிப்பு எங்கள் இருண்ட காலநிலைக்கு நடுவே ஒரு சிறு சொர்க்கம்போலத் தோன்றும்.

இன்னொரு வகையாலும் விளையாட்டுப் பொருட்கள் மலைக்கு ஏறிவருகின்றன. கொழும்பிலும் கண்டியிலும் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் இளைஞரும் யுவதியரும் தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது தம்பி தங்கையருக்கெனக் கொண்டுவருபவை அவை. டயகமவின் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது 2021ஆம் ஆண்டு ஜூலையில். கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்ற இவ்வூர்ச் சிறுமி ஒருத்தி, 16 வயதில், எரிகாயங்களோடு மருத்துவமனையில் இறந்தபோது. அத்தகைய பிரிவுகளால் நிறைந்த ஊரில், வெளியூரிலிருந்து வரும் ஒரு பொம்மை வெறும் பொம்மையன்று. போனவர் நலமாயிருக்கிறார், எம்மை மறக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. அதனாலேயே அதனைப் புரட்டிப் பார்த்து ஐயுறும் எண்ணம் எவருக்கும் எழுவதில்லை.

எனக்கும் எழவில்லை. 2018ஆம் ஆண்டு நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருட மாணவன். அவ்வாண்டுத் தீபாவளி நவம்பர் 6ஆந் திகதி. மகாபொலப் பணம் கைக்கு வந்திருந்தது. கண்டி நகரின் நடைபாதையில், அக்காவின் மகனுக்கு ஒரு பம்பரம் வாங்கினேன். விலை 450 ரூபா. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி அப்போது 500 ரூபா. அதனை ஆயிரமாக்க வேண்டுமென்று கோரி, பண்டிகைக்கு இரு வாரங்களுக்கு முன்னர்தான் மலையக இளைஞர்கள் காலிமுகத்திடலில் கறுப்புடை தரித்துக் கூடியிருந்தார்கள். அக்கா ஒரு நாள் முழுதும் மழையில் நின்று கொழுந்து பறித்தால் கிடைப்பதை ஏறக்குறைய முழுவதும் கொடுத்து நான் ஒரு பம்பரம் வாங்கினேன் என்ற எண்ணம் எனக்குப் பெருமையைத்தான் தந்தது. பேராதனைச் சந்தியில் புகையிரதம் ஏறி, தலவாக்கலையில் இறங்கி, பஸ்ஸில் டயகம வரும்வரையில் அப்பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன்.

அது திருகிவிட்டால் சுழலும்; சுழலும்போது சிவப்பும் பச்சையும் நீலமுமாய் ஒளி வீசும்; கூடவே ஏதோவொரு இராகத்தைக் கீச்சுக் குரலில் பாடும். பெட்டியின் ஒரு மூலையில் சிவப்பு வட்டம் ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. வட்டத்துக்குள்ளே ஒரு குழந்தை முகம். அதன் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் 0–3 என்னும் இலக்கங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இப்பொருள் ஆகாது என்பது அதன் பொருள். மொழியறியாதாரும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அது படமாக வரையப்பட்டிருக்கின்றது. பல்கலைக்கழகத்திற் பயின்றுகொண்டிருந்த நான் அதனை ஓர் அலங்காரம் என்றே எண்ணினேன். என் மருமகனுக்கு அப்போது இரண்டரை வயது.

எங்கள் தாத்தாவும் பம்பரம் செய்வார். கொய்யாக் கிளையைச் சீவி, அடியில் ஓர் இரும்பாணியை அறைந்து, சாக்கு நூலைச் சாட்டையாகத் திரித்துத் தருவார். அந்த ஆணி என் நெற்றியில் ஒருமுறை பாய்ந்திருக்கின்றது. தழும்பு இன்றும் உண்டு. ஆயினும் ஆணி கண்ணுக்குத் தெரிந்தது. பம்பரத்தைக் கையில் எடுக்கும் எந்தப் பிள்ளையும் அதன் கூர் எந்தப் பக்கம் இருக்கின்றது என்பதை அறிந்தே எடுத்தது. நான் வாங்கி வந்த பம்பரத்துக்குக் கூர் கிடையாது. எல்லாப் பக்கமும் வழவழப்பாக இருந்தது. தாயொருத்தி தயக்கமின்றித் தன் பிள்ளையின் கையிற் கொடுக்கக்கூடிய பொருள்.

தீபாவளியன்று பிற்பகல் நான்கு மணியளவில் பையன் ஒருமுறை ஓங்கரித்தான். வாயிலிருந்து எச்சில் வழிந்தது. காலையிலிருந்து அதிரசமும் முறுக்கும் தின்று திரிந்த பிள்ளைக்கு அது நேர்வது இயல்பே என்று எண்ணினோம். பின்னர் சோற்றை மறுத்தான். தண்ணீரைக் கொடுத்தால் துப்பினான். பெரியவர்கள் கொடுத்த தீபாவளிக் காசு பாயில் சிதறிக் கிடந்ததைக் கண்ட அம்மாயி ஒரு முடிவுக்கு வந்தார்.

“காசத்தான் முழுங்கியிருப்பான். பயப்படாதீங்க. வாழப்பழம் குடுங்க, காலையில தானா வெளியே வந்துரும்.”

அது அறியாமைப் பேச்சன்று. எத்தனையோ பிள்ளைகளைக் கண்ட அனுபவத்தின் பேச்சு. விழுங்கப்பட்ட நாணயங்கள் பெரும்பாலும் எவ்விதத் தீங்கும் செய்யாமல் வெளியேறிவிடுவது உண்மை. அம்மாயியின் காலத்தில் ஒரு பிள்ளை விழுங்கக்கூடிய வட்டமான உலோகம் காசு ஒன்றுதான். ஆகவே வாழைப்பழம் கொடுக்கப்பட்டது. அவன் அதையும் கக்கினான். இரவு எட்டு மணிக்குப் பின்னர் அக்கா அவனைத் தோளிற் போட்டுத் தட்டிக்கொண்டே, “தம்பி, நீ கொண்டாந்த பம்பரத்தயாச்சும் சுத்திக் காட்டு. மத்தியானத்திலேருந்து பாடவே மாட்டேங்குது” என்றார்.

பம்பரம் கட்டிலின் கீழே கிடந்தது. எடுத்துப் புரட்டினேன். அடியில் ஒரு வட்டக் குழி. குழிக்குள் ஒரு சிறு கம்பிச்சுருள். மூடியைக் காணோம். மூடியைப் பிடித்திருக்க வேண்டிய திருகாணிக்கு இடமே அதில் இல்லை. வெறுமனே அழுத்திப் பொருத்தப்பட்ட மூடி, சீமெந்துத் தரையில் ஒருமுறை விழுந்ததும் கழன்றிருக்கின்றது. நாங்கள் கைவிளக்கோடு தரையெங்கும் தேடினோம். மூடி அகப்பட்டது. மின்கலம் அகப்படவில்லை.

அந்த இரவின் பயணத்தை விரிவாக எழுத விரும்பவில்லை. பக்கத்து லயத்தாரின் முச்சக்கர வண்டி; மழை; முன்விளக்குக்கு முன்னால் சுவராய் நின்ற மூடுபனி. முதலிற் சென்ற மருத்துவமனையில் எக்ஸ்-கதிர் எடுக்கும் வசதி அவ்வேளையில் இல்லை. அங்கிருந்து அம்புலன்ஸ் வண்டியில் அடுத்த மருத்துவமனை. அங்கிருந்து அதைவிடப் பெரியதொன்று. மின்கலம் வெளியே எடுக்கப்பட்டபோது அதிகாலை மூன்று மணி. பதினொரு மணித்தியாலங்கள் கடந்திருந்தன.

இடையில் கதிர்ப்படத்தைப் பார்த்த இளம் வைத்தியர் அதனை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எனக்குக் காட்டினார். கழுத்துக்குச் சற்றுக் கீழே ஒரு வெள்ளை வட்டம். அதற்குள்ளே இன்னொரு வட்டம். “காசாக இருந்தால் ஒரு வட்டம்தான் தெரியும். விளிம்பில் இப்படி இரண்டு கோடு தெரிந்தால் அது காசில்லை” என்றார். அவர் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. நான் கல்வி கற்றவன் என்பதனாலோ என்னவோ, மீதியை நானே தேடிப் படித்துக்கொள்வேன் என்று எண்ணியிருப்பார். படித்தேன். பல மாதங்கள் அதையே படித்தேன்.

அம்மின்கலத்தின் மேல் 2032 என்னும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் அதன் விட்டம் 20 மில்லிமீற்றர் என்பதையும், அடுத்த இரண்டும் தடிப்பு 3.2 மில்லிமீற்றர் என்பதையும் குறிக்கின்றன. எமது ஒரு ரூபா நாணயத்தின் விட்டமும் ஏறத்தாழ அதுவே. அம்மாயியின் கணிப்பு எவ்வளவு நெருங்கி வந்து தவறியது என்பதை எண்ணும்தோறும் எனக்கு நெஞ்சு கனக்கும். சிறு பிள்ளையின் உணவுக்குழாயில் இவ்வளவு விட்டமுடைய வட்டு இறங்கிச் செல்லாமற் சிக்கிக்கொள்வது எளிது. நாணயம் சிக்கினால் அது சும்மா கிடக்கும். இதுவோ சும்மா கிடப்பதில்லை.

மின்கலம் உடைந்து உள்ளேயிருக்கும் நஞ்சு கசிவதனால்தான் தீங்கு நேர்கின்றது என்று நான் முதலில் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. மின்கலம் முழுதாக இருக்கும்போதே தீங்கு நேர்கின்றது. உணவுக்குழாயின் ஈரமான சுவர் அதன் இரு முனைகளையும் இணைத்துச் சுற்றைப் பூர்த்தியாக்கிவிடுகின்றது. மூன்று வோல்ற்று அழுத்தத்தில் மின்னோட்டம் பாய, எதிர்முனையை ஒட்டிய இடத்தில் உமிழ்நீரின் நீரே பகுக்கப்பட்டு ஐதரொட்சைட்டு உண்டாகின்றது. அதாவது, கடுமையான காரம் ஒன்று பிள்ளையின் தொண்டைக்குக் கீழே, பிள்ளையின் எச்சிலிலிருந்தே உற்பத்தியாகின்றது. அமிலம் பட்ட தசை இறுகும். காரம் பட்ட தசை கரையும். இரண்டு மணித்தியாலத்துக்குள் கடும் புண் உண்டாகிவிடக்கூடும். பொம்மையை இயக்க இயலாத அளவுக்குத் தீர்ந்துபோன மின்கலத்துக்குக்கூட இதைச் செய்வதற்குப் போதிய வலு எஞ்சியிருக்கும். வெளியே எடுத்த பின்னரும் ஆபத்து நீங்குவதில்லை; அவ்விடத்தை ஒட்டியே பெருநாடி செல்வதால், நாட்கள் பல கழித்து அது துளைபட்டு இரத்தம் பெருகி இறந்த பிள்ளைகள் உண்டு.

எனக்கு நேரடியாக வலித்த செய்தி இன்னொன்று. தேன் அந்தக் காரத்தின் தாக்கத்தைத் தணிக்கும் என்று 2018இல் அமெரிக்காவின் பிலடெல்பியாச் சிறுவர் மருத்துவமனையைச் சேர்ந்தோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு வயதைக் கடந்த பிள்ளையாயின், விழுங்கிப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லலாம் என்று நச்சியல் நிபுணர்கள் இன்று வழிகாட்டுகின்றனர். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேனைத் தேடிப் பயணத்தைத் தாமதப்படுத்தவும் கூடாது. வேறு உணவோ நீரோ கூடவே கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகாது. எங்கள் வீட்டுச் சுவாமித் தட்டில் அன்று காலை அபிஷேகத்துக்கென வாங்கிய தேன்போத்தல் பாதிக்கு மேல் நிரம்பியபடி இருந்தது. நாங்கள் வாழைப்பழம் கொடுத்தோம்.

இவ்வாறு சொல்லும்போது, அக்காலத்து விளையாட்டுப் பொருட்கள் யாவும் தூயவை, இக்காலத்தவை யாவும் நஞ்சு என்னும் பழம்பாட்டைப் பாட நான் முன்வரவில்லை. நமது இலக்கியத்தில் விளையாட்டுத் தேருக்குப் பஞ்சமில்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று உருளையுடைய சிறுதேரை ஓட்டுகிறார்கள். நெல்லைக் கவர வந்த கோழியின்மேல் மகளிர் எறிந்த காதணி அத்தேரின் வழியை மறிக்கின்றது. தச்சன் செய்த சிறுதேரை இழுத்து மகிழும் சிறுவரைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் உவமையாக்குகிறார். பிள்ளைத்தமிழில் சிறுதேருக்கு ஒரு பருவமே ஒதுக்கப்பட்டுள்ளது. எங்கள் லயத்திலும் தேர் இருந்தது. வெற்று மருந்துக் கலனைக் குறுக்கே அறுத்து உடலாக்கி, அதே கலன்களின் மூடிகளைச் சில்லாக்கி, குடைக்கம்பியை அச்சாக்கி நாங்களே செய்துகொண்ட தேர். அந்தக் கலனில் முன்பிருந்தது என்ன? புல்லுக்கு அடிக்கும் மருந்து. இந்நாட்டில் எத்தனையோ உயிர்களைக் குடித்து, 2008ஆம் ஆண்டை அடுத்துப் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பரகுவாட் என்னும் களைகொல்லி. அதனைப் பீலிக்கரையில் ஒருமுறை அலசிவிட்டு, அதில் மண் ஏற்றி இழுத்தோம்; சில வேளைகளில் தண்ணீரும் அள்ளினோம். கொய்யாப் பம்பரத்தின் ஆணி கண்ணுக்குத் தெரிந்தது என்றேன். தேரில் இருந்தது தெரியவில்லை. எங்களுள் எவருக்கும் ஒன்றும் நேராமற் போனதற்கு எங்கள் முன்னெச்சரிக்கை காரணமன்று.

ஆதலால், மறைந்திருப்பது என்ன என்பதே கேள்வி. மறைந்திருக்கும் விதங்களோ பல. பலூனை எவரும் ஐயுறுவதில்லை. பண்டிகை நாட்களில் கைக்குழந்தைக்குக்கூட அதனையே முதலில் நீட்டுவோம். ஆனால் வெடித்த பலூனின் கிழிந்த இறப்பர்த் துண்டு, மூச்சை உள்ளிழுக்கும் பிள்ளையின் குரல்வளையில் மூடிபோல ஒட்டிக்கொள்ளும். அது வழுக்கும் தன்மையுடையது. குழாயின் வடிவத்துக்கேற்பத் தன்னை வளைத்துக்கொள்வது. விரலாலும் எடுக்க இயலாது. எட்டு வயதுக்குட்பட்டோருக்கு ஊதாத பலூனும் உடைந்த பலூனும் ஆபத்தானவை என்னும் எச்சரிக்கையைப் பொதியின்மேல் அச்சிட வேண்டுமென 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் சட்டமே இயற்றப்பட்டது. காந்தக் குண்டுகளின் கதையும் இத்தகையதே. ஒன்றை விழுங்கினால் பெரும்பாலும் கடந்துவிடும். இரண்டை வெவ்வேறு வேளைகளில் விழுங்கினால், குடலின் இரு மடிப்புகளுக்கிடையே அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, நடுவே அகப்பட்ட தசையைச் சாகடித்துத் துளையிடும். நீரில் இட்டால் பருக்கும் வண்ண முத்துக்கள் வயிற்றிலும் அவ்வாறே பருத்துக் குடலை அடைக்கும்.

வர்ணத்திலுள்ள ஈயத்துக்கு ஓசையும் இல்லை, ஒளியும் இல்லை. பிள்ளை பொம்மையைச் சப்பும். உரிந்த வர்ணம் வயிற்றிற் சேரும். ஈயம் மூளையின் வளர்ச்சியைச் சிறுகச் சிறுகத் தடுக்கும். எந்த மருத்துவமனை வாசலிலும் எவரும் அதற்காக நள்ளிரவில் ஓடிவந்து நிற்பதில்லை. அதனாலேயே அது கண்ணிற் படுவதில்லை. பணமும் பெயரும் படைத்த நிறுவனங்களும் இதற்கு விலக்கன்று. 2007ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் மட்டல் நிறுவனம், வர்ணத்தில் ஈயம் மிகுந்திருந்தமையால், ஏறத்தாழ 15 இலட்சம் பொம்மைகளை உலகெங்குமிருந்து மீளப்பெற நேர்ந்தது. இலங்கையில் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை 2011இல் வெளியிட்ட கட்டளை 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டுப் பொருட்களுக்கான வர்ணத்தில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்பது அதன் விதி. பத்து இலட்சத்தில் தொண்ணூறு என்பதை நடைபாதையில் குனிந்து நின்று அளப்பது எவ்வாறு என்பது மட்டும் விதியிற் சொல்லப்படவில்லை.

வெடி வகைகளை நான் தனியே எழுத வேண்டியதில்லை. அவற்றின் ஆபத்தை எல்லோரும் அறிவர். ஆயினும் ‘இது வெடியன்று, வெறும் விளையாட்டுக் குழாய்’ என்ற பெயரில் வருபவை உள்ளன. 2025ஆம் ஆண்டுத் தீபாவளியின்போது இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், காபைட் துப்பாக்கி எனப்படும் பிளாஸ்டிக் குழாய்கள் நூறு இருநூறு ரூபா விலைக்குத் தெருவோரங்களில் விற்கப்பட்டன. கல்சியம் காபைட்டோடு நீர் சேர்ந்தால் அசற்றலீன் வாயு எழும். அதனைப் பற்றவைத்தால் பேரோசை கேட்கும். ஓசை வராதபோது சிறுவன் என்ன செய்வான்? குழாயின் வாய்க்குள்ளே எட்டிப் பார்ப்பான். அக்கணத்தில் வெடிக்கும். வெப்பம் ஒருபுறம், எஞ்சிய கல்சியம் ஐதரொட்சைட்டு என்னும் காரம் இன்னொருபுறம். சில நாட்களுக்குள் நூற்றுக்கு மேற்பட்டோர், அவர்களுட் பெரும்பாலோர் சிறுவர், கண் காயங்களோடு மருத்துவமனைகளை அடைந்தனர். பலர் பார்வையை இழந்தனர். பண்டிகைக்கு முன்னரே அதிகாரிகள் தடைவிதித்திருந்தும் விற்பனை நடந்திருந்தது. எங்கள் தோட்டத்துப் பையன்கள் சைக்கிள் கம்பியின் முனையில் தீக்குச்சி மருந்தை அடைத்துத் தட்டி வெடிக்கவைப்பதை நான் கண்டிருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். காபைட் குழாயும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். குடும்பத்தில் சற்று வளர்ந்த பிள்ளை.

உலகம் கண்ணை மூடிக்கொண்டிருக்கின்றது என்று சொல்வதற்கில்லை. மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொருளிலிருந்து எத்துண்டு கழன்றாலும், அது 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு சிறு உருளைக்குள் முழுதும் அடங்கிவிடுமாயின் அப்பொருள் விற்பனைக்கு ஆகாது என்பது அமெரிக்காவில் பல தசாப்தங்களாக உள்ள விதி. பொத்தான் மின்கலங்களுக்கெனத் தனியாகக் கட்டாய விதி வகுத்து அவுஸ்திரேலியா 2022 ஜூனில் நடைமுறைப்படுத்தியது. அமெரிக்காவும் அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றியது. மின்கலத்தின் மூடி திருகாணியாலோ, ஒருசேர நிகழும் இரு தனித்தனிக் கையசைவுகளாலன்றித் திறவாத அமைப்பாலோ பூட்டப்பட்டிருத்தல் வேண்டும் என்பதே அவற்றின் சாரம். இந்தியா 2021 ஜனவரி முதல் தர முத்திரையின்றி விளையாட்டுப் பொருட்கள் விற்கப்படலாகாது என்று விதித்தது. இவ்விதிகள் எல்லாம் நல்லவை. ஆனால் ஒரு நாட்டில் விற்க முடியாத பொருள் கடலில் வீசப்படுவதில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. அது விதி தளர்ந்த துறைமுகத்தைத் தேடிச் செல்லும். அங்கிருந்து மொத்தக் கடைக்கும், மொத்தக் கடையிலிருந்து மலையேறும் மூட்டைக்கும் வரும். இறுதியில், பட்டியலின் கடைசியில் விளையாட்டுப் பொருளை வைத்திருக்கும் வீட்டுக்கு வந்து சேரும். ஒரு திருகாணியின் விலை என்ன? அதனைத் தவிர்த்ததனால் அந்தப் பம்பரம் எத்தனை ரூபா மலிந்திருக்கும்? இக்கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

பையன் பிழைத்தான். ஆனால் மூன்று வாரங்கள் மூக்குவழிக் குழாயினாலேயே உணவு செலுத்தப்பட்டது. புண் ஆறிய இடம் சுருங்கிப்போனமையால், அடுத்த இரண்டாண்டுகளில் அதனை விரிப்பதற்காகப் பலமுறை மயக்க மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் அக்கா இரண்டு மூன்று நாட்களுக்குப் ‘பேர்’ இழந்தார். அந்த ஆண்டின் தீபாவளி முற்பணம் கழிந்து முடிவதற்குள் அவர்கள் வேறு கடன்களும் பட்டுவிட்டார்கள். மகாபொலப் பணத்திலிருந்து மாதந்தோறும் நான் அனுப்பியதை அக்கா ஒருபோதும் மறுக்கவில்லை; மறுத்தால் நான் என்ன நினைத்துக்கொள்வேன் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே கருதுகிறேன். ‘நீ வாங்கி வந்தது’ என்ற சொல் அவர் வாயிலிருந்து இன்றுவரை வந்ததில்லை. அம்மாயி மட்டும், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்னர், நான் விடுமுறைக்குச் சென்றிருந்தபோது, “நான்தான் பழத்தக் குடுக்கச் சொன்னேன்” என்று எவரும் கேளாமலே சொன்னார். நான் பம்பரத்தைப் பற்றிச் சொன்னேன். இருவரும் அதற்குமேல் பேசவில்லை.

அவனுக்கு இப்போது பத்து வயது ஆகப்போகின்றது. சோற்றைச் சற்று நீர்விட்டுப் பிசைந்து, மெதுவாக, மற்றவர்கள் உண்டு எழுந்த பின்னரும் உண்டுகொண்டிருப்பான். அதிரசத்தைத் தேநீரில் நனைத்துத் தின்பான். அது அவனது இயல்பென்றே அவன் வகுப்புத் தோழர்கள் எண்ணுகிறார்கள்.

சென்ற தீபாவளிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குச் சென்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் கூரையின் கீழே அதே விரிப்பு, அதே ஒளிகள். அவன் குந்தியிருந்து ஒவ்வொரு பொம்மையாக எடுத்தான். எவற்றையும் இயக்கிப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் தலைகீழாகப் புரட்டி, அடியைப் பெருவிரலால் தடவிப் பார்த்து, திரும்ப வைத்தான். வியாபாரிக்குப் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது.

“என்ன தம்பி தேடுறீங்க?”

“ஆணி” என்றான் அவன், தலை நிமிராமல்.